திரளாகக் கலந்துகொண்டனர்

ஒன்பது வருடமாகியும் இந்த ஊரில் ஒரு விஷயம் எனக்குப் பழகவில்லை. சனிக்கிழமை காலையில் என் மகனை உள்ளரங்கக் கால்பந்துக்குக் கூட்டிப்போகிறேன். எல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் எந்தப் பக்கம் நம் கோல் என்பதையே மறந்துவிட்டு ஓடுவார்கள். ஆனால் ஓரத்தில் ஒரு மேசை இருக்கும், அதற்குப் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒரு அம்மா மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். எந்த நிமிடத்தில் யார் கோல் அடித்தது, பந்தைக் கொடுத்தது யார், பார்க்க எத்தனை பேர் வந்தார்கள், எல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும். நான் வீட்டுக்கு வந்து பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுவதற்குள் இணையத்தில் வந்துவிடும்: பார்வையாளர் பதினான்கு. அந்தப் பதினான்கில் நான் ஒருவன். ஒருநாள் என் மனைவி குளிருக்குப் பயந்து காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பதிமூன்று என்று போட்டிருந்தார்கள்.

பின்லாந்து நாட்டின் நடுவில், வாயில் நுழையாத பெயருள்ள ஒரு சிற்றூர் இது. நான் இங்கே லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பெரியவர்களுக்கும் ஓர் உள்ளரங்கக் கால்பந்து லீக் உண்டு. அதில் ஆகக் கடைசிப் பிரிவு, காகித ஆலைத் தொழிலாளிகளும் தபால்காரர்களும் வாரம் ஒருமுறை தொந்தியைக் குலுக்கிக்கொண்டு ஆடுவது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிக்கொள்ளும் அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் இந்தத் தொந்தி லீக்குக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. வருடவாரியாகப் பட்டியல், அதிக கோல் அடித்தவர், ஒரு குளிர்காலத்தில் அரங்கத்தின் ஹீட்டர் கெட்டுப்போய் ஆட்டம் தள்ளிவைத்த கதை, எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு. முதல்முறை அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், இன்றைக்கும் எரிகிறது.

காரணம் கபீர். ராயப்பேட்டையில் என்னோடு ஒரே சந்தில் வளர்ந்தவன், இன்றும் அதே சந்து முனையில் கார் சீட் கவர் தைக்கிறவன். போன வருடம் ஒரு மத்தியானம் நான் ஒரு முதியோர் இல்லத்தின் லிஃப்டைத் திறந்துபோட்டுக் கொண்டிருந்தபோது கூப்பிட்டான்.

"மச்சி, பாலவாக்கத்துல ஒருத்தன் புச்சா ஃபுட்பால் டர்ஃப் போடறான். பசங்களுக்குக் கத்துக்குடுக்க கோச் வேணுமாம். போய்க் கேட்டேன். எங்க ஆடினீங்கன்னான், சொன்னேன். உடனே போன எடுத்து நம்ம லீக் பேரத் தட்டிப் பாக்கறான். ஒண்ணும் வர்ல. என் பேரத் தட்டினான். எவனோ டாக்டரு வந்து நிக்கிறான். அந்தப் பையன் என்னப் பாத்த பார்வை கீதே..."

"வேலை குடுக்கலையா?"

"வேலை போனாப் போவுது. நான் ஆடினதே இல்லன்ற மாதிரி பாத்தான் மச்சி. நாப்பத்தி ரெண்டு வயசுல ஒரு பொடிப்பய எதிர்ல பொய்க்காரனா நின்னேன். அதான் தாங்கல."

"ரெண்டு நாள் டைம் குடு. நானே எழுதிப் போடறேன்" என்றேன். தொந்திக்காரர்களுக்கே பக்கம் இருக்கும்போது கபீருக்கு இல்லாமலா போகும் என்று நினைத்தேன். நான் யாரென்று நினைத்துக்கொண்டேனோ, தெரியவில்லை.

எங்கள் லீக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நின்றவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், முதலாளி செல்லத்துரையும் அதே பக்கம். அவருக்கு ராயப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. அந்த இரண்டு மாதமும் மண்டபம் பூட்டிக் கிடக்கும், பெருச்சாளி ஓடும். அப்பா தயங்கித் தயங்கி ஒருநாள் கேட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏல, ஆடிக்கோங்க. கண்ணாடி ஒண்ணு ஒடஞ்சுதுன்னா ஒங்கய்யாவத்தான் கேப்பேன், பாத்துக்க" என்றார். அப்படிப் பிறந்ததுதான் எங்கள் லீக். ஆடியில் ஒரு சீசன், மார்கழியில் ஒரு சீசன். தை பிறந்தால் நாதஸ்வரக்காரர் உள்ளே வருவார், நாங்கள் வெளியே போவோம்.

கண்ணாடி உடையாமல் எப்படிக் கால்பந்து ஆடுவது? அதற்கு வழி கண்டுபிடித்தவன் கபீர். பழைய பந்தைத் தையல் பிரித்து, உள்ளே சீட்டுக்கு வைக்கிற ஸ்பாஞ்சு வெட்டுத் துண்டுகளை அடைத்து, திரும்பத் தைத்துக் கொண்டுவந்தான். எம்பவே எம்பாது. அடித்தால் பொத்தென்று தரையோடு போகும். பந்தல்காரர் விட்டுப்போன சவுக்குக் கம்புதான் கோல். பந்து மணமேடையில் ஏறினால் எதிரணிக்கு. மின்விசிறியில் பட்டால் அடித்தவன் இரண்டு நிமிடம் வெளியே. ஆறு சந்து, ஆறு அணி, ஓர் அணிக்கு ஐந்து பேர். கபீர் தூணில் அடித்துத் தூணிடமிருந்தே பாஸ் வாங்குவான். அந்தத் தூணையும் சேர்த்து எங்களுக்கு ஆறு பேர் என்று மற்ற சந்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரே மார்கழியில் நாற்பத்தொரு கோல் அடித்தான். இது வாய்க்கு வந்ததல்ல, கணக்கு என்னிடம் இருக்கிறது. நான் எங்கள் அணியின் ஆறாவது ஆள். உள்ளே இறங்குகிறவன் இல்லை என்பதால் கையில் நோட்டையும் பேனாவையும் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஏழு வருடம் எழுதினேன். ஓர் ஆடியில் இறுதி ஆட்டத்தன்று மண்டபத்தை ஒரு நிக்காஹ்வுக்கு விட்டுவிட்டார்கள். கல்யாணப் பெண் யாரென்று பார்த்தால் கபீரின் அக்கா. எதிரணி உட்பட எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். சாயங்காலம் நாற்காலிகளை ஓரங்கட்டி, மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, வயிறு முட்ட ஆடினோம். கபீர் மூன்று கோல் அடித்துவிட்டு மணமேடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதி, பட்டியல் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றினேன். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அந்த டீ ஆறுவதற்குள் பக்கத்தின் தலையில் ஒரு பட்டை விழுந்தது. நம்பத்தகுந்த சான்று இல்லை, குறிப்பிடத்தக்கதாகத் தெரியவில்லை, ஒரு வாரத்தில் நீக்கப்படலாம். குறிப்பிடத்தக்கதாகத் தெரியவில்லையாம்! யாருக்குத் தெரியவில்லை? எழுந்து போய் பால்கனியில் நின்று நல்ல ராயப்பேட்டைத் தமிழில் நாலு வார்த்தை திட்டினேன். கீழே நாயோடு போன பக்கத்து வீட்டுக்காரர் எனக்குக் கை காட்டினார்.

ஊர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெக்கா என்பவர்தான் தொந்தி லீக்கின் பக்கத்தைப் பராமரிப்பவர். நல்ல மனிதர். உதவி கேட்டுப் போனேன். காப்பி ஊற்றிக் கொடுத்து, பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்கள் லீக்கை நடத்திய சங்கத்தின் பதிவு எண்?"

"சங்கம் எதுவும் இல்லை."

"சங்கம் இல்லாமல் எப்படி ஆடினீர்கள்?"

"பந்து இருந்தது."

அவர் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்து காளான் பொறுக்கப் போனாலும் தலைவர், செயலாளர், கூட்டக் குறிப்பு எல்லாம் உண்டு. ஏன் இரண்டே மாதம் ஆடினீர்கள் என்று கேட்டார். ஆடி, மார்கழி பற்றி விளக்கினேன். "ஆக, திருமணத்துக்குச் சட்டப்படி தடையுள்ள மாதங்கள்" என்று எழுதிக்கொண்டார். சட்டமெல்லாம் இல்லை, அந்த மாதங்களில் செய்தால் நல்லதில்லை என்று நினைக்கிறோம் என்றேன். "யார் நினைக்கிறார்கள்? அதற்குச் சான்று இருக்கிறதா?" என்றார் அக்கறையோடு. எங்கள் ஊர் முழுக்கச் சான்றுதான் ஐயா, போய் ஆடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துப் பாரும் என்று நாக்கு நுனி வரை வந்தது. காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

கபீர் எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டு, பரணிலிருந்து என் நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினான். பெக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். கோடு போட்ட கட்டங்கள், கோலுக்கு ஒரு புள்ளி, விசிறியில் பட்டால் ஒரு பெருக்கல் குறி. "மிக அழகாகச் செய்திருக்கிறாய்" என்றார். "ஆனால் இது வெளியாகாதது. செல்லாது." பிறகு கேட்டார்: "எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லையா?"

இல்லை என்றேன். அது பொய். எழுதியிருந்தது. ஒரே ஒரு முறை எழுதியது, அதில் என்ன இருந்தது என்று எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் மக்கிப் போயிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் கபீர் சும்மா இருப்பானா? மண்டபத்து மேனேஜர் அறையில், முதலாளி லேமினேட் செய்து மாட்டியிருந்த துண்டுச் செய்தியைக் கண்டுபிடித்துவிட்டான். போனில் அவன் குரல் கத்தியது.

"மாட்டிகிச்சி மச்சி! பேப்பர்லயே வந்துகீது! சோர்ஸு, சோர்ஸுன்னு உயிர வாங்கினானே உன் பின்லாந்துக்காரன், இந்தா வச்சிக்க!"

படத்தை அனுப்பினான். நான் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே தெரியும். ராயப்பேட்டையில் உள்ளரங்கக் கால்பந்துப் போட்டிப் பரிசளிப்பு விழா நடைபெற்றது. தொழிலதிபர் செல்லத்துரை தலைமை தாங்கினார். மண்டப மேலாளர் முன்னிலை வகித்தார். வட்டப் பிரமுகர் ஒருவர் கோப்பை வழங்கிச் சிறப்புரையாற்றினார். விளையாட்டு வீரர்கள், பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர். முடிவில் பேச்சிமுத்து நன்றி கூறினார்.

பேச்சிமுத்து நான்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கபீர் மறுபடியும் கூப்பிட்டான். இந்தமுறை குரல் இறங்கியிருந்தது. "படிச்சேன் மச்சி. யாரு ஜெயிச்சாங்கன்னுகூடப் போடல. நம்ம பசங்க ஒருத்தன் பேரும் இல்ல. அந்தப் பேப்பர்காரன் இன்னா ஆளுடா, சோறுதான் துன்றானா அவன்?"

பேப்பர்காரர் சோறுதான் தின்றார். நான்தான் வேறு எதையோ தின்றுவிட்டேன். பரிசளிப்பு முடிந்த அன்றைக்கு நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு பஸ் பிடித்து அந்த மாலைப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். ஆறு அணி, முப்பது பெயர், எல்லா ஆட்டத்தின் கோல், கபீரின் நாற்பத்தொன்று, எல்லாம் இருந்தது. அங்கே இருந்தவர், "தம்பி, அஞ்சு வரிதான் எடம். நீயே கொறச்சுக் குடுத்துடு, நான் கை வெச்சா உனக்குப் பிடிக்காது" என்று நல்ல மனசோடு திருப்பிக் கொடுத்தார். கவுண்டரில் நின்றபடியே அடித்துக் குறைத்தேன். முதலாளி பெயரை அடிக்க முடியுமா? அப்பா அவரிடம் நிற்கிறார். மேலாளரை அடித்தால் சாவி வராது. பிரமுகரை அடித்தால் அதுவும் வினை. யார் பெயரை அடித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்? கபீர் கோபித்துக்கொள்ள மாட்டான். அவன் நம்ம ஆள். முப்பது பேரையும் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே 'திரளாக' என்று எழுதினேன். நன்றி கூறியவர் இல்லாமல் செய்தி முடியாது, அதுதானே வழக்கம் என்று என் பெயரை மட்டும் விட்டுவைத்தேன். வழக்கமாம், மண்ணாங்கட்டி. அச்சில் என் பெயரைப் பார்க்க ஆசை. இவ்வளவுதான் விஷயம்.

பெக்காவிடம் அந்தத் துண்டைக் கொடுத்தவன் கபீர்தான். என் மகன் மூலமாக மின்னஞ்சல் முகவரி வாங்கி, நேரே அனுப்பிவிட்டான். கணினியில் மொழிபெயர்த்துப் படித்த பெக்காவுக்கு ஒரே சந்தோஷம். அதோடு அவரும் தேடி இன்னொரு சான்று பிடித்தார். போன குளிர்காலத்தில் இந்த ஊர்ப் பத்திரிகையில் என்னைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்த லிஃப்ட் மெக்கானிக், மகனின் அணிப் பிள்ளைகளுக்கு எம்பாத பந்தில் ஆடக் கற்றுக்கொடுக்கிறார் என்று. அந்த நிருபர் பெண்ணிடம் ஒரு மணி நேரம் கபீரைப் பற்றித்தான் பேசினேன். அவள் எழுதியது: 'சென்னையில் நண்பர்களுடன் ஆடியிருக்கிறார்.' அங்கேயும் திரள்தான், மொழிதான் வேறு.

நீக்கும் பட்டை போய்விட்டது. பக்கம் நின்றது. அளவோடு, அடிக்குறிப்போடு, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. நிறுவனர்: செல்லத்துரை. குறிப்பிடத்தக்க வீரர்: பேச்சிமுத்து. மற்றவர்களின் பெயர்களும் பட்டியலும் சான்றில்லாதவை என்று எடுக்கப்பட்டிருந்தன. வாழ்நாளில் ஐந்தோ ஆறோ முறை உள்ளே இறங்கி, ஒரு கோல்கூட அடிக்காத ஆறாவது ஆள் நான். பெக்காவின் வீட்டுக்கு ஓடினேன்.

"என் பெயரை எடுத்துவிடுங்கள். நான் ஆட்டக்காரனே இல்லை."

"இரண்டு தனித்தனிச் செய்தித்தாள்கள் உன்னைச் சொல்கின்றன" என்றார். "உன்னைப் பற்றி நீயே திருத்தக்கூடாது. அது விதி. நீ அடக்கமான மனிதன், எனக்குப் புரிகிறது."

நானே இதை ஒரு கட்டுரையாக எழுதி ஊரில் அச்சில் வந்தால் அதைச் சான்றாக வைப்பீர்களா என்று கேட்டேன். சம்பந்தப்பட்டவன் எழுதியது, செல்லாது என்றார். ஆகையால் இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, என்னைப்போல் வெளியே வந்து மாட்டிக்கொண்டவர்களே, நீங்கள் இப்போது படிப்பதும் செல்லாததுதான்.

பாலவாக்கத்துப் பையனின் பெயர் விக்னேஷ். அவன் மறுபடியும் தட்டிப் பார்த்தான். இந்தமுறை வந்தது. கபீரைக் கூப்பிட்டு, "பாய், இந்தப் பேச்சிமுத்து சாரை உங்களுக்குத் தெரியுமா? நம்ம டர்ஃப் ஓப்பனிங்குக்கு சீஃப் கெஸ்டா கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்டிருக்கிறான். கபீர் அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தான். என்ன சிரிப்பு அது என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை. "வா மச்சி" என்றான். "நீ வந்தா எனக்கும் அங்க ஒரு இது கெடைக்கும்." என் விடுமுறை ஆடியில் முடிகிறது. ஆடியில் எவன் புதுத் தொழில் திறப்பான்? ஆவணி முதல் முகூர்த்தம் வரை லீவை நீட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன்.

அவனுக்குக் கிடைத்த 'இது' என்னவென்று அங்கே போய்த்தான் பார்த்தேன். கோச் வேலைக்குச் சான்றிதழ் வைத்திருந்த வேறொரு பையன் வந்துவிட்டான். கபீருக்கு வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, கேட்டைப் பூட்டுவது. நான் விக்னேஷின் தோளைப் பிடித்து, "தம்பி, லீக்கே இவனோடதுப்பா. நான் ஓரத்துல உக்காந்து எழுதுனவன்" என்றேன். "தெரியும்ணா, கபீர் பாய் ரொம்ப ஹெல்ப் பண்றாரு" என்றான் அவன். அப்புறம் திரும்பி, "பாய், அந்தச் சால்வைத் தட்டக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்."

கபீர் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினான். விக்னேஷின் அப்பா சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மைக்கைப் பிடித்து முப்பது பெயரையும் சொன்னேன், சந்துவாரியாக, ஒன்று விடாமல். நாற்பத்தொரு கோலையும் சொன்னேன். இதோ தட்டோடு நிற்கிறானே, இவன்தான் என்றேன். கவுண்டரில் நின்று கோடு போட்டதை மட்டும் சொல்லவில்லை. அதற்கு வாய் வரவில்லை. கைதட்டினார்கள். தொகுத்து வழங்கிய பெண் மைக்கை வாங்கி, "எவ்வளவு தன்னடக்கத்தோட பேசினாங்க பாருங்க நம்ம சார்!" என்றாள். மறுபடியும் கைதட்டினார்கள். இறங்கி வந்தபோது கபீர் என் காதருகே, "மொட்ட சீனு பேரக்கூட விடலியே மச்சி, நானே மறந்துட்டேன் அவன" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்து நான்காம் நாள். முதியோர் இல்லத்தில் அதே லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. பெட்டிக்கு மேலே உட்கார்ந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு மாடிக்கு நடுவில். போன் அதிர்ந்தது. கபீர் ஒரு பத்திரிகைத் துண்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். பாலவாக்கத்தில் விளையாட்டுத் திடல் திறப்பு விழா. இந்த ஊர்ப் பேப்பரில் இந்தியாவிலிருந்து வந்தவனாக இருந்த நான், அதில் பின்லாந்திலிருந்து வந்தவனாக இருந்தேன். சிறப்புரையாற்றியிருந்தேன். விளையாட்டு வீரர்கள் திரளாகக் கலந்துகொண்டிருந்தார்கள். கூடவே ஒரு புகைப்படம்: சால்வையோடு நான், பக்கத்தில் விக்னேஷின் அப்பா, ஓரத்தில் சட்டகம் வெட்டியதுபோக மிச்சமாக ஒரு தட்டும், அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும்.

கீழே எழுதியிருந்தான்: "தட்டு புடிச்சிகினு கீறது என் கைதான் மச்சி. இத சோர்ஸா வச்சிக்குவானா உன் ஆளு, கேட்டுச் சொல்லு."